மூட்டை விலையைப் பார்க்காதீங்க, புரத விலையைப் பாருங்க

(ஓமலூரில் பால் உற்பத்தியாளர்களிடையே கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில பால் ஊத்திட்டு நேரா இங்க வந்திருக்கீங்க. வெயில் ஏறுறதுக்குள்ள போய் மாட்டை நிழல்ல மாத்திக் கட்டணுமேன்னு சில பேருக்கு மனசுல ஓடிட்டு இருக்கும். அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடறேன்.

நம்ம ஓமலூர், காடையாம்பட்டி, தாரமங்கலம் பக்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டறதுன்னா என்ன? தொட்டியில கழுநீர், ரெண்டு கை தவிடு, ராத்திரியே ஊற வெச்ச கடலைப் பிண்ணாக்கு, சேகோ ஃபேக்டரியில இருந்து வந்த மரவள்ளித் திப்பி. இதுல திப்பி வயிற்றை நிரப்பும், தெம்பு கொடுக்கும். ஆனால் அதில் புரதம் 2, 3 சதவீதம்தான். தவிட்டில் 12 சதவீதம் அளவுக்கு இருக்கும். சோளத்தட்டில் 3, 4 சதவீதம். அப்படின்னா பாலுக்கு வேண்டிய புரதம் முழுவதையும் ஒரே ஒரு கடலைப் பிண்ணாக்கு தலையில கட்டி வெச்சிருக்கோம். அது விலை ஏறினா நம்ம கணக்கு இடிக்குது. அது பூஞ்சை பிடிச்சா நம்ம பாலே கெட்டுப் போகுது. இந்த ரெண்டுக்கும் ஒரே வழி, புரதத்தை நாலைந்து எண்ணெய் வித்துகள்ல பிரிச்சு வாங்கறது. அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

போன்ல கால்குலேட்டரை எடுங்க

பால் உற்பத்திச் செலவில் நூற்றுக்கு 60, 70 ரூபாய் தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனத்திலும் விலை கூடியது பிண்ணாக்குதான். கடைக்குப் போனதும் நாம கேக்கற முதல் கேள்வி, "மூட்டை என்ன விலைங்க?" அந்தக் கேள்வியே தப்புங்க. மாடு மூட்டையைத் தின்னறதில்லை. நாம காசு கொடுக்கிறது புரதத்துக்கு. ஒரு கிலோ புரதம் என்ன விலைக்கு வருதுன்னு பார்க்கணும்.

கணக்கு ரொம்பச் சுலபம். கிலோ விலையை புரதச் சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்குங்க, அவ்வளவுதான். ஒரு பேச்சுக்கு, சந்தை விலை இல்லை, உதாரணத்துக்கு மட்டும் சொல்றேன். கடலைப் பிண்ணாக்கு கிலோ 50 ரூபாய், புரதம் 45 சதவீதம். ஒரு கிலோ புரதம் 111 ரூபாய். தோலோடு ஆட்டின பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு கிலோ 30 ரூபாய், புரதம் 22 சதவீதம். பார்த்தா மலிவு மாதிரி தெரியுது. கணக்குப் போட்டா ஒரு கிலோ புரதம் 136 ரூபாய் ஆகுது! சூரியகாந்திப் பிண்ணாக்கு கிலோ 32 ரூபாய், புரதம் 30 சதவீதம்னு வெச்சுக்குங்க. 107 ரூபாய். மூணுல மலிவு எதுன்னு இப்போ உங்களுக்கே தெரியும். அடுத்த மாசம் விலை மாறும், வரிசையும் மாறும். அதனால வாங்கப் போகும்போதெல்லாம் புதுசா கணக்குப் போடணும்.

சதவீதத்தை எங்க போய்த் தேடறதுன்னு கேப்பீங்க. தோராயமா சொல்றேன், போன்ல குறிச்சு வெச்சுக்குங்க. கடலைப் பிண்ணாக்கு 40 முதல் 45. சோயா 44 முதல் 48. எள்ளுப் பிண்ணாக்கு 35 முதல் 40. சூரியகாந்தி 28 முதல் 32. பருத்திக்கொட்டை தோலோடு 22, தோல் நீக்கியது 38 முதல் 40. தேங்காய்ப் பிண்ணாக்கு 20 முதல் 22. செக்கில் ஆட்டியதில் எண்ணெய் 7, 8 சதவீதம் தங்கியிருக்கும். ஆலையில் கரைப்பான் கொண்டு எண்ணெய் எடுத்ததில் ஒரு சதவீதம்தான் மிஞ்சும், அதனால் புரதம் சற்றுக் கூடும். விலைப்பட்டியலை உழவன் செயலியில் தினமும் பார்க்கலாம். வித்து விலை ஏறும்போது பிண்ணாக்கு விலையும் ஏறப் போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம்.

மாட்டுக்கு இருக்கிற வசதி கோழிக்கு இல்லை

"கடலைப் பிண்ணாக்குதானே சத்து, மத்ததெல்லாம் சும்மா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. ஆனால் மாட்டின் பெருவயிற்றுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. எந்தப் பிண்ணாக்கைப் போட்டாலும் அதன் புரதத்தில் பெரும்பகுதியை அவை உடைத்து, தங்கள் உடம்புப் புரதமாக மாற்றிக்கொள்கின்றன. பிறகு மாடு அந்த நுண்ணுயிர்களையே செரித்துக்கொள்கிறது. அதனால் எள்ளா, கடலையா, சூரியகாந்தியா என்ற வித்தியாசம் மாட்டுக்குப் பெரிசா இல்லை. நம்மூருக்கு இது பெரிய வரம்.

நாமக்கல்லில் முட்டைக்கோழி வளர்ப்பவர்களுக்கு அந்த வரம் கிடையாது. கோழிக்கு லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் தீவனத்திலேயே வந்து சேர வேண்டும். எள்ளில் மெத்தியோனின் நிறைய, லைசின் குறைவு. கடலையில் ரெண்டுமே குறைவு. அதனால்தான் பண்ணைகள் சோயாவை விட முடியாமல் இருக்கின்றன. 2021-ல் சோயாப் பிண்ணாக்கு விலை ஒரே வருஷத்தில் இரட்டிப்புக்கும் மேலே போனது நினைவிருக்கும். அந்த ஆகஸ்டில் மத்திய அரசு மரபணு மாற்றப்பட்ட சோயாவின் பிண்ணாக்கு 12 லட்சம் டன்னை இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்துத்தான் சமாளித்தது. பருத்திக்கொட்டையைக் கோழிக்குப் போட்டால் அதில் உள்ள காசிப்பால் என்ற பொருளால், சேமித்து வைத்த முட்டையின் மஞ்சள் கரு பச்சை கலந்த நிறத்துக்குப் போகும். யார் வாங்குவாங்க அந்த முட்டையை? ஆக, பண்ணைக்காரர் சோயா விலைக்குக் கட்டுப்பட்டவர். மாட்டுக்காரர் அப்படியில்லை. இருந்தும் நாம ஒரே பிண்ணாக்கைப் பிடிச்சுத் தொங்கறோம்.

நம்ம கைக்கு எட்டற தூரத்திலேயே மாற்று இருக்கு. கொங்கணாபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பருத்தி ஏலம் நடக்கிறது, எள் ஏலமும் நடக்கிறது. எள்ளுப் பிண்ணாக்கு மாட்டுக்கு ருசியாகவும் இருக்கும். அதில் உள்ள பைட்டிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் தாது உப்புக் கலவையை விடாமல் சேர்க்க வேண்டும். அந்த ஒரு கவனம் போதும். சூரியகாந்தியில் தோல் அதிகம், நார்ச்சத்து அதிகம். கறவை மாடு தாங்கும். கன்றுக்குட்டிக்கு வேண்டாம்.

பருத்திக்கொட்டை நம்ம ஆளுங்களுக்குப் புதுசில்லை. ஆட்டுக்கல்லில் ஆட்டி மாட்டுக்கு வெச்சவங்கதானே. பாலில் கொழுப்பு ஏறும்னு பாட்டிங்க சொன்னது சரிதான், கொழுப்பை வெச்சுத்தான் சங்கத்துல காசும் வருது. வளர்ந்த மாட்டின் பெருவயிறு காசிப்பாலைக் கட்டுப்படுத்திவிடும். நாலு மாசத்துக்கு உட்பட்ட கன்றுக்கு அந்த வயிறு இன்னும் தயாராகியிருக்காது, அதனால் அதுக்குக் கொடுக்கக்கூடாது. பொலிகாளைக்கும் அதிகம் வேண்டாம், இனப்பெருக்கத் திறன் குறையும். தேங்காய்ப் பிண்ணாக்கு நல்லதுதான், ஆனா சீக்கிரம் காறல் வாடை வந்துடும். பத்து நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்க.

கடுகுப் பிண்ணாக்கை வடக்கே மாட்டுக்கு நிறைய போடறாங்க. அதில் உள்ள காரமான பொருளைக் குறைத்த ரகத்தை 1970-களில் கனடாவில் உருவாக்கி, கனோலா என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகம் முழுக்க மாட்டுத் தீவனமாகப் போகிறது. நமக்கு லாரி வாடகை கட்டி வருமானா, அதையும் புரத விலைக் கணக்கில்தான் பார்க்கணும்.

பாலில் வந்து நிற்கும் நச்சு

இப்ப கொஞ்சம் கடினமான விஷயம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. என்ன நோய்னே தெரியலை, டர்க்கி எக்ஸ் என்று பேர் வைத்தார்கள். தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சைதான் காரணம் என்று தெரிந்தது. அந்த நச்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது.

மாடு வான்கோழி மாதிரி உடனே சாகாது. அதுதான் ஆபத்தே. தின்ற நச்சில் ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை உருமாறி, ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். மாடு நல்லாத்தான் நிக்கும். பாலும் வெள்ளையாத்தான் இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. முடிவு 2019 அக்டோபரில் வெளியானது. 368 மாதிரிகளில் இந்த நச்சு அளவு மீறி இருந்தது. அதிகம் எங்கே தெரியுங்களா? தமிழ்நாட்டில்தான். இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88. இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. பாலில் யாரும் இதைக் கலக்கவில்லை. தொட்டி வழியாக வந்தது.

காய்ச்சினால் போகுமா? போகாது. பிண்ணாக்கை ஊற வைத்தாலும், கூழாகக் காய்ச்சினாலும் போகாது. பாலைச் சுண்டக் காய்ச்சினாலும் அப்படியேதான் இருக்கும். ஆறுதலான சேதி ஒன்று உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் நாலைந்து நாளில் பாலில் இறங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் மாற்றுப் பிண்ணாக்கு விஷயம் வந்து சேருது. பத்து லிட்டர் கறக்கிற கலப்பின மாட்டுக்கு உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் பாலுக்கு நாலு கிலோ, ஆக ஐந்தரைக் கிலோ அடர்தீவனம் வேண்டும். அதில் பிண்ணாக்குப் பங்கு ரெண்டு கிலோ. முழுவதும் கடலையாக இருந்து, அந்த மூட்டை பூஞ்சை பிடித்ததாக இருந்தால் நச்சு முழுசா இறங்குது. கடலையை 800 கிராமுக்குக் குறைத்து, மீதியை எள்ளு, சூரியகாந்தி என்று பிரித்தால் அந்த மூட்டையின் நச்சு பாதிக்கும் கீழே போய்விடும். மற்ற பிண்ணாக்குகளிலும், குறிப்பாகப் பருத்திக்கொட்டையிலும் தேங்காயிலும் பூஞ்சை வரும், இல்லைன்னு சொல்லலை. ஆனால் எல்லா மூட்டையும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம்.

ஒரு கலவை சொல்றேன், 100 கிலோவுக்கு. மக்காச்சோளம் 30 கிலோ, தவிடு 20, திப்பி நல்லா காய்ந்தது 10, கடலைப் பிண்ணாக்கு 15, எள்ளுப் பிண்ணாக்கு 12, சூரியகாந்தி 10, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. கூட்டிப் பாருங்க, நூறு வரும். புரதம் ஏறக்குறைய 19 சதவீதம். ஒரே நாளில் மாத்திடாதீங்க. பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் முழுசா மாத்துங்க. நான் சொன்ன நுண்ணுயிர்கள் பழகணும் இல்லையா.

மூட்டையை வாங்கும்போது கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். ஈரம் 10, 11 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பிண்ணாக்கு பட்டென்று உடையாது, பிசையும். மோந்து பாருங்க. வெளியில பூஞ்சை தெரியலைன்னா நச்சு இல்லைன்னு அர்த்தமில்லை, ஆனா தெரிஞ்சா நிச்சயம் வேண்டாம். வீட்டில் தரையிலேயோ சுவரில் சாய்த்தோ வைக்காதீங்க. பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வையுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மாசச் சரக்கை வாங்கி அடுக்கறது வேண்டவே வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்க நமக்குப் பக்கத்திலேயே வசதி இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு மற்றும் தர உறுதி ஆய்வகம் இயங்குகிறது. மாதிரியை ஒரே இடத்தில் கிள்ளி எடுக்கக்கூடாது. பூஞ்சை திட்டுத்திட்டாகத்தான் வளரும். நாலைந்து மூட்டையில், மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரைக்கிலோ கொடுக்கணும். ரெண்டு சோதனை கேளுங்க. ஒன்று புரதம், இன்னொன்று அஃப்ளாடாக்சின். கூடவே யூரியா இருக்கான்னும் கேளுங்க. ஏன் தெரியுமா? ஆய்வகம் நைட்ரஜனை அளந்துதான் புரதம்னு கணக்குப் போடும். யூரியாவைக் கலந்தா சதவீதம் பொய்யா ஏறும். சீனாவில் 2008-ல் குழந்தைப் பால்மாவில் மெலமைனைக் கலந்தது இதே தந்திரம்தான்.

கடைக் கலப்புத் தீவனம் வாங்கறவங்க மூட்டை மேல ஐஎஸ் 2052 என்று இருக்கான்னு பாருங்க. அந்தத் தரத்தின்படி முதல் வகையில் புரதம் 22 சதவீதம், இரண்டாம் வகையில் 20 சதவீதம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. அதாவது ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம், ஒரு சிட்டிகைக்கும் குறைவு. பில் கேட்டு வாங்கி, பில்லையும் மூட்டைச் சீட்டையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. நாளைக்குப் பிரச்சினைன்னா அதுதான் கையில இருக்கும்.

தொட்டிக்கு வரவே கூடாதது

எண்ணெய் வித்துன்னு சொல்லிட்டேன்ங்கறதுக்காக எல்லாத்தையும் போட்டுடாதீங்க. நம்ம மாவட்டத்தில் ஆமணக்கு சாகுபடி உண்டு, ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்தே ஆராய்ச்சி நிலையம் இருக்கு. ஆமணக்குப் பிண்ணாக்கு வயலுக்கு அருமையான உரம். மாட்டுக்கு விஷம். ரிசின் என்ற நச்சு எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். முறிவு மருந்து கிடையாது.

என் பணிக்காலத்தில் பார்த்த ஒரு வீடு. மஞ்சள் வயலுக்கு வாங்கின ஆமணக்குப் பிண்ணாக்கு மூட்டையைக் கட்டுத்தறி ஓரத்திலேயே சாய்த்து வைத்திருந்தார்கள். பெரியவங்க வயலுக்குப் போனப்ப, பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் உதவி செய்யறதா நினைச்சு அதிலிருந்து ரெண்டு கை அள்ளித் தொட்டியில போட்டுட்டான். மறுநாள் மாடு தீனி எடுக்கலை, அடுத்து ரத்தக் கழிச்சல். நான் போனப்ப குளுக்கோஸ் ஏத்தறதைத் தவிர செய்ய ஒண்ணுமில்லை. அந்தப் பையன் ரெண்டு நாள் சோறு சாப்பிடலைன்னு அவங்க அம்மா சொன்னாங்க. அவன் மேல என்ன தப்பு? ரெண்டு மூட்டையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது.

அதனால உரப் பிண்ணாக்கு வேற அறையில, பூட்டுப் போட்டு. முடிஞ்சா மூட்டை மேல சிவப்புப் பெயின்ட்ல ஒரு கோடு இழுத்துடுங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். வேப்பம் பிண்ணாக்கு, புங்கம் பிண்ணாக்கு, இலுப்பைப் பிண்ணாக்கு எல்லாம் இதே அறைக்குத்தான். வேப்பம் பிண்ணாக்கைத் தண்ணீரில் அலசிக் கசப்பை எடுத்துத் தீவனமாக்கும் முறை ஆராய்ச்சியில் உண்டு, ஆனால் வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. இலுப்பை தலைக்குத் தேய்க்க நல்லது, அதோட விட்டுடலாம். தவறி மாடு தின்னுட்டா நேரம் கடத்தாம 1962-க்கு போன் பண்ணுங்க, மூட்டைச் சீட்டின் போட்டோவை மருத்துவருக்குக் காட்டுங்க.

பேசி முடிச்சதும் பின்வரிசையில இருந்து ஒரு அம்மா கேட்டாங்க. "சார், எனக்கு இருக்கறது ஒரே ஒரு மாடு. நீங்க சொல்ற நாலு வகைப் பிண்ணாக்கை மூட்டை மூட்டையா வாங்கி நான் எங்க வெக்கறது? தீர்றதுக்குள்ள பூஞ்சை பிடிச்சுடுமே?"

நல்ல கேள்விங்கம்மா. ஒரு மாட்டுக்கு 100 கிலோ கலவை பதினெட்டு நாள் வரும். அதுவே மழைக்காலத்துல அதிகம்தான். நீங்க ஒருத்தர் வாங்காதீங்க. உங்க தெருவுல பால் ஊத்தற நாலைந்து வீடு சேருங்க. ஒருத்தர் கடலை, ஒருத்தர் எள்ளு, ஒருத்தர் சூரியகாந்தின்னு ஒரு மூட்டை வாங்கி, ஒரே நாள்ல ஒரு வீட்டுத் திண்ணையில தராசு வெச்சுக் கலந்து பிரிச்சுக்குங்க. வாட்ஸ்அப்ல ஒரு குழு போட்டுட்டா யார் எவ்வளவு காசு போட்டாங்க, எந்தக் கடை, என்ன விலைன்னு எல்லாம் அதிலேயே இருக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பற செலவும் நாலாப் பிரியும். கலக்கற அன்னைக்கு ஒரு கைப்பிடி எடுத்து, தேதி எழுதி, காத்துப்புகாத டப்பாவில போட்டு வையுங்க. பால் குறைஞ்சாலோ மாடு கழிஞ்சாலோ, அந்த டப்பாவை எடுத்துட்டு வாங்க, நான் பார்க்கறேன்.